பெயர் முதலில், பாடம் அப்புறம்: சுகாதாரப் பணியாளர்கள் இலவச ஆன்லைன் பயிற்சியை முடிக்க ஒரு முழு வழிகாட்டி

மதுரைக்கு மேற்கே ஒரு வட்டாரத்தில் சுகாதார ஆய்வாளராக வேலை பார்க்கிறேன். உலக சுகாதார நிறுவனம், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் (சி.டி.சி.), ஐ.ஐ.டி.களின் ஆன்லைன் பாடத் தளமான என்.பி.டெல் என்று சில இடங்களில் படித்து முடித்திருக்கிறேன். கூட வேலை பார்க்கும் கிராம சுகாதார செவிலியர் (வி.எச்.என்.) அக்காமார், இடைநிலை சுகாதாரப் பணியாளர் (எம்.எல்.எச்.பி.) தங்கைகள், மக்களைத் தேடி மருத்துவம் (எம்.டி.எம்.) திட்டத் தன்னார்வலர்கள் எனப் பலரைப் பதிவு செய்ய வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் இருக்கிறேன். ஆரம்பித்தவர்களில் முடித்தவர்கள் குறைவு. பாடம் கஷ்டம் என்று விட்டவர்களை விட, செய்ய வேண்டியதை வரிசை மாற்றிச் செய்து மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம். அதனால் இங்கே வரிசைக்குத்தான் முக்கியத்துவம் கொடுத்திருக்கிறேன்.

1. பெயரை முடிவு செய்யுங்கள்

எந்தத் தளத்தையும் திறக்கும் முன் ஒரு தாளில் உங்கள் பெயரை ஆங்கிலத்தில் எழுதுங்கள். பணிப்பதிவேட்டில் எந்த எழுத்துகளில் இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். செவிலியராக இருந்தால் நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்றிதழையும் எடுத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. சான்றிதழில் அச்சாகும் பெயர் நீங்கள் பதிவின்போது அடித்த பெயர்தான். அதைத் தளத்தில் யாரும் சரிபார்ப்பதில்லை. சான்றிதழ் வந்த பிறகு மாற்றக் கேட்டால் சில தளங்களில் முடியாது, சிலவற்றில் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டும்.

நம் ஊர்ப் பெயர்களில் சிக்கல் இன்ஷியலில் இருக்கிறது. வெளிநாட்டுத் தளங்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கும். இரண்டையும் நிரப்பினால்தான் அடுத்த பக்கத்துக்கு விடும். என் முதல் சான்றிதழில் குடும்பப்பெயருக்கு என்ன போடுவது என்று தெரியாமல் இரண்டு பெட்டியிலும் என் பெயரையே அடித்துவிட்டேன். இரட்டைக்கிளவி மாதிரி வந்து நின்றது. அலுவலகத்தில் ஒரு வாரம் அப்படியே கூப்பிட்டார்கள்.

சரியான வழி இது: முதற்பெயர் பெட்டியில் உங்கள் பெயர், குடும்பப்பெயர் பெட்டியில் இன்ஷியல், புள்ளி வேண்டாம். ஒற்றை எழுத்தை ஏற்க மறுத்தால் இன்ஷியலின் முழுப்பெயரைப் போடுங்கள். எந்த முறையை எடுத்தாலும் எல்லாத் தளங்களிலும் அதையே போடுங்கள்.

பெண்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. படிப்புச் சான்றிதழில் அப்பா இன்ஷியல், ஆதாரில் கணவர் இன்ஷியல், பணிப்பதிவேட்டில் வேறொன்று. எது சரி என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். சான்றிதழ் எந்த ஃபைலுக்குள் போகப்போகிறதோ அந்த ஃபைலில் இருக்கும் இன்ஷியல்தான் சரி. எழுத்துக்கூட்டலும் அப்படியே. லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் நாம் குறைந்தது நான்கு விதமாக எழுதுகிறோம். எழுத்தர் மேசையில் அந்த ஓர் எழுத்து வித்தியாசமே போதும், உங்களை நடக்க வைக்க.

2. உங்களுக்கென்று ஒரு மின்னஞ்சல்

மகனுடைய மின்னஞ்சல், ஆரம்ப சுகாதார நிலையத்தின் (பி.எச்.சி.) பொது மின்னஞ்சல், கம்ப்யூட்டர் சென்டர்காரர் போட்டுக் கொடுத்த மின்னஞ்சல் எதுவும் வேண்டாம். மகன் கல்லூரிக்குப் போனதும் கடவுச்சொல்லும் கூடவே போய்விடும். பொது மின்னஞ்சலில் 2 பேர் பதிவு செய்ய முடியாது. இரண்டாவதாக வருபவருக்கு ‘இந்த முகவரி ஏற்கனவே உள்ளது’ என்று வரும். பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

புதிதாக ஒன்று தொடங்கி, இப்போது உங்கள் கையில் இருக்கும் செல் எண்ணை அதில் இணைத்துவிடுங்கள். கடவுச்சொல்லைப் பதிவேட்டுக்குப் பின்னட்டையில் எழுதாமல் வீட்டு டைரியில் எழுதுங்கள். பதிவு செய்தவுடன் உறுதிசெய்யும் மடல் ஒன்று வரும், அது சில சமயம் ஸ்பேம் பெட்டிக்குள் விழுந்திருக்கும். ‘லாகின் ஆகவே மாட்டேங்குது சார்’ என்று வந்தவர்களில் பாதிப் பேருக்கு நான் செய்தது ஸ்பேம் பெட்டியைத் திறந்து காட்டியது மட்டும்தான்.

3. எதற்காகப் படிக்கிறீர்கள் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

மூன்று காரணங்களில் ஒன்றாகத்தான் இருக்கும்: களத்தில் ஒரு வேலையைச் சரியாகச் செய்ய, பணிக்கோப்பில் சேர்க்க, அல்லது கவுன்சில் பதிவைப் புதுப்பிக்க மணி நேரம் சேர்க்க. மூன்றுக்கும் பாதை வேறு.

மூன்றாவது காரணம் என்றால் மிகவும் கவனமாக இருங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் பதிவுப் புதுப்பித்தலுக்கு 5 ஆண்டுகளில் 150 மணி நேரத் தொடர்கல்வி என்று வைத்திருக்கிறது. ஜெனீவாவிலிருந்தோ (உலக சுகாதார நிறுவனம்) அட்லாண்டாவிலிருந்தோ (சி.டி.சி.) வரும் ஆன்லைன் சான்றிதழ் தானாக அந்த 150-க்குள் சேர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். மாநிலக் கவுன்சில் அங்கீகரித்த நிகழ்ச்சியா என்பதுதான் கேள்வி. படித்த பிறகு கேட்டால் பதில் எப்படியும் வருத்தம் தரும். படிக்கும் முன் கேளுங்கள், முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள்.

முதல் காரணம் என்றால் உங்களுக்குச் சுதந்திரம் அதிகம். அங்கீகாரம் பற்றிக் கவலைப்படாமல் நல்ல பாடத்தை எடுக்கலாம். இந்த வழிகாட்டி பெரும்பாலும் அவர்களை நினைத்துத்தான் எழுதப்பட்டது.

4. எந்தத் தளம் யாருக்கு

உலக சுகாதார நிறுவனம். 2017-ல் தொடங்கிய ஓப்பன் டபிள்யூ.எச்.ஓ. என்ற தளத்தின் வழியாகப் பலர் படித்தார்கள். 2024 டிசம்பரில் பிரான்சின் லியோன் நகரில் இதே நிறுவனத்தின் அகாடமி திறக்கப்பட்டது. அதற்கும் தனி ஆன்லைன் தளம் உண்டு. ஒரு பெயரில் தேடிக் கிடைக்காத பாடத்தை இன்னொரு பெயரிலும் தேடிப் பாருங்கள். கை கழுவுதல், தொற்றுத் தடுப்பு, நோய்த்திரள் (ஓரிடத்தில் திடீரெனப் பலருக்கு ஒரே நோய் வருவது) சமயத்தில் மக்களிடம் பேசுவது போன்ற சிறிய பாடங்கள் இங்கே நன்றாக இருக்கும். கட்டணம் இல்லை, நேரக் கெடுவும் பெரும்பாலும் இல்லை. முதன்முதலாகப் படிப்பவர்களை நான் இங்கேதான் அனுப்புவேன்.

ஐகாட் கர்மயோகி. மத்திய அரசின் மிஷன் கர்மயோகி திட்டத்தின் தளம். அரசு ஊழியர்களுக்கானது. பதிவின்போது உங்கள் துறையைத் தேர்வு செய்யும் இடத்தில் அவசரப்பட வேண்டாம். ‘ஹெல்த்’ என்று அடித்ததும் வரும் முதல் பெயரைத் தட்டிவிட்டு, வேறு ஏதோ ஒரு துறைக்குக் கீழே போய் உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அலுவலகத்தில் யார் ஏற்கனவே பதிவு செய்திருக்கிறார்களோ அவரிடம் சரியான பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஒப்பந்தப் பணியாளர்கள், தாங்கள் எந்த அமைப்பின் கீழ் பதிவு செய்யலாம் என்று முதலிலேயே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

என்.பி.டெல், ஸ்வயம். ஸ்வயம் என்பது மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளம். பாடம் படிக்க இலவசம், தேர்வுக்குக் கட்டணம் உண்டு. பொதுவாக 1000 ரூபாய். சென்னையில் உள்ள, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய நோய்ப்பரவல் இயல் நிறுவனம் ஆராய்ச்சி அடிப்படைகள் பற்றி நடத்தும் பாடம் இங்கே கிடைக்கிறது. மருத்துவ அலுவலர்களும், எம்.எல்.எச்.பி.களில் மேலே படிக்க நினைப்பவர்களும் பார்க்கலாம். இதில் தடுக்கி விழும் இடங்கள் அதிகம் என்பதால் 6-ஆம் பகுதியில் தனியாகச் சொல்கிறேன்.

சி.டி.சி. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பாடங்கள் ட்ரெயின் என்ற தளத்தில் இருக்கின்றன. அவர்களுடைய எபிடெமியாலஜி (நோய்ப்பரவல் இயல்) சுயகற்றல் பாடம் ஆறு பகுதிகள் கொண்டது. கடைசிப் பகுதி நோய்த்திரள் விசாரணை. சுகாதார ஆய்வாளர்கள் அந்த ஒரு பகுதியையாவது படிக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ஆங்கிலம் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும்.

கண் பரிசோதனை முகாம் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு செய்தி: மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுமம் ஆரோசிக்ஷா என்ற பெயரில் ஆன்லைன் கற்றல் தளம் வைத்திருக்கிறது. எந்தப் பாடத்துக்குக் கட்டணம் உண்டு, எதற்கு இல்லை என்று பாடம் பாடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோர்செரா, எட்எக்ஸ் போன்றவற்றில் நல்ல பாடங்கள் உண்டு. ஆனால் அங்கே ‘இலவசம்’ என்றால் பெரும்பாலும் பார்க்க மட்டும் இலவசம், சான்றிதழுக்குப் பணம். 7 நாள் இலவசச் சலுகை என்று வந்து டெபிட் கார்டு எண் கேட்டால் அங்கேயே நில்லுங்கள். நீங்களாக ரத்து செய்யாவிட்டால் எட்டாவது நாள் பணம் எடுக்கப்படும். கார்டு எண் கேட்காத பாடமே இந்த வழிகாட்டியில் இலவசப் பாடம்.

5. ஒரே ஒரு பாடம், அதுவும் சின்னது

புதிதாக வருபவர்கள் முதல் நாள் ராத்திரியே எட்டுப் பாடத்தில் பதிவு செய்துவிடுகிறார்கள். மறுநாளிலிருந்து எட்டு இடத்திலிருந்தும் நினைவூட்டல் மடல் வர ஆரம்பிக்கும். ஒரு வாரத்தில் மின்னஞ்சலைத் திறப்பதற்கே சலிப்பு வந்துவிடும்.

முதல் பாடம் 2 மணி நேரத்துக்குள் முடிவதாக எடுங்கள். தளத்தில் 2 மணி நேரம் என்று போட்டிருந்தால் நமக்கு 4 அல்லது 5 மணி நேரம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஆங்கிலம் சரளமாக வாசிப்பவரை நினைத்து எழுதிய நேரம் அது.

தலைப்பையும் உங்கள் இந்த மாத வேலையிலிருந்தே எடுங்கள். ஊசி போடுபவர் ஊசிக் கழிவு பற்றி, கொசுப்புழு ஆய்வுக்குப் போகிறவர் டெங்கு பற்றி. படித்தது மறுநாள் கண்ணில் பட்டால்தான் மனதில் நிற்கும். எங்கள் வட்டாரத்தில் ஒரு வி.எச்.என். அக்கா ஆசைப்பட்டு முதல் பாடமாக எபோலா எடுத்தார். நல்ல பாடம்தான். ஆனால் உசிலம்பட்டிப் பக்கம் அதை எங்கே போய்ப் பார்ப்பது? மூன்றாவது பகுதியோடு விட்டுவிட்டார்.

6. காலண்டரைப் பக்கத்தில் வைத்துத் தேதி குறியுங்கள்

செவ்வாய் கர்ப்பிணிகள் நாள், புதன் தடுப்பூசி நாள், மாதக் கடைசி அறிக்கை நாள். இந்த நாட்களில் வீட்டுக்கு வந்து படிப்பேன் என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. வாரத்தில் 2 நாள், நாளுக்கு 40 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆட்களுக்கு வியாழன் மாலையும் ஞாயிறு காலையும் ஒத்துவந்தன.

நேரக் கெடு இல்லாத பாடங்களுக்கு நீங்களே ஒரு கடைசித் தேதி போட்டு, இன்னொருவரிடம் சொல்லி வையுங்கள். கெடு இல்லாத பாடம்தான் அதிகமாகப் பாதியில் நிற்கிறது.

என்.பி.டெல் எடுப்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை வாசியுங்கள். பாடங்கள் பொதுவாக ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகின்றன. ஜனவரியில் தொடங்கும் 12 வாரப் பாடத்தின் தேர்வு ஏப்ரலில் வரும். மதுரையில் ஏப்ரல் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு குடிநீர் குளோரின் பார்ப்பது, அன்னதானப் பந்தல் ஆய்வு, மருத்துவ முகாம் என்று அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பும் வரை விடுப்பு கிடைக்காது. ஜூலையில் தொடங்குவதன் தேர்வு வடகிழக்குப் பருவமழை நெருங்கும் சமயத்தில் வரும். அப்போது காய்ச்சல் முகாம். அதனால் நீண்ட பாடத்தை விட 4 அல்லது 8 வாரப் பாடமாக எடுத்து, தேர்வுத் தேதியை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

இன்னொரு பெரிய தவறு: பாடத்தில் சேர்வதும் தேர்வுக்குப் பதிவு செய்வதும் ஒன்று என்று நினைப்பது. தேர்வுக்குத் தனிப் படிவம், தனிக் கட்டணம், தனிக் கடைசித் தேதி. எட்டு வாரமும் ஒழுங்காக அசைன்மென்ட் போட்டுவிட்டு, தேர்வுப் பதிவை மறந்து சான்றிதழ் இல்லாமல் நின்றவர் என் கூடவே வேலை பார்க்கிறார்.

மதிப்பெண் விதியும் தெரிந்திருக்க வேண்டும். பொதுவாக அசைன்மென்டுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. 8 வாரப் பாடத்தில் அதிக மதிப்பெண் வந்த 6 அசைன்மென்டுகளின் சராசரியை எடுப்பார்கள். அசைன்மென்டில் 25-க்குக் குறைந்தது 10, தேர்வில் 75-க்குக் குறைந்தது 30, இரண்டும் வேண்டும். ஒன்றில் அதிகம் வாங்கி இன்னொன்றை ஈடுகட்ட முடியாது. சில பாடங்களுக்கு விதி வேறாக இருக்கலாம், பாடப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தேர்வு நகரங்களின் பட்டியலையும் பதிவின்போதே பாருங்கள். மதுரையைத் தேர்வு செய்யாமல் விட்டுவிட்டு அப்புறம் பஸ் ஏறாதீர்கள். தேர்வு அறையில் அசல் அடையாள அட்டை கேட்பார்கள், பெயர் ஒத்துப்போக வேண்டும். முதல் பகுதியில் பெயரைப் பற்றி அவ்வளவு பேசியதற்கு இதுவும் ஒரு காரணம்.

7. போன், டேட்டா

போன் போதும். ஆனால் கேள்வித்தாள் எழுதும்போது மட்டும் முடிந்தால் கம்ப்யூட்டரில் உட்காருங்கள். போனில் கடைசித் தெரிவு திரைக்குக் கீழே மறைந்திருக்கும், அதைப் பார்க்காமலே விடை கொடுத்துவிடுவோம்.

வீடியோவின் தரத்தைக் குறைத்து வையுங்கள், பேச்சு கேட்டால் போதும். பல பாடங்களில் வீடியோவில் பேசுவது அப்படியே எழுத்தாகவும் பி.டி.எஃப். கோப்பாகவும் கிடைக்கும். அதை பி.எச்.சி. வைஃபையில் இறக்கிக்கொண்டால் சப்சென்டரில் (துணை சுகாதார நிலையத்தில்) டவர் இல்லாவிட்டாலும் வாசிக்கலாம்.

8. ஆங்கிலத்தைச் சமாளிப்பது

இங்கேதான் நம் ஆட்கள் உண்மையாகவே திணறுகிறார்கள். பக்கத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுத் தமிழில் வாசிக்கிறார்கள். பொதுவான பகுதிகளுக்கு அது உதவும். கலைச்சொல் வரும் இடத்தில் கவிழ்த்துவிடும்.

ஓர் உதாரணம். ஐசோலேஷன், குவாரன்டைன் இரண்டையும் செயலி ‘தனிமைப்படுத்துதல்’ என்றே தருவதைப் பார்த்திருக்கிறேன். நாமும் கொரோனா காலத்தில் அப்படித்தான் பேசினோம். ஆனால் முதலாவது நோய் வந்தவரைப் பிரித்து வைப்பது. இரண்டாவது நோய் தொற்றியிருக்கலாம் என்ற நிலையில் இருக்கும், இன்னும் நோய் வராதவரைப் பிரித்து வைப்பது. கேள்வித்தாளில் இந்த வித்தியாசத்தைத்தான் கேட்பார்கள்.

இன்சிடென்ஸ், ப்ரிவலென்ஸ் இரண்டும் அதே கதை. ஒன்று, ஒரு குறிப்பிட்ட காலத்தில் புதிதாக நோய் வந்தவர்கள். மற்றது, அந்தச் சமயத்தில் நோயோடு இருப்பவர்கள் எல்லோரும், பழையவர் புதியவர் சேர்த்து. உங்கள் எம்.டி.எம். பட்டியலில் மொத்த சர்க்கரை நோயாளிகள் என்பது இரண்டாவது. இந்த மாதம் புதிதாகக் கண்டுபிடித்தவர்கள் முதலாவதன் பக்கம். இப்படித் தன் பதிவேட்டோடு பொருத்திப் பார்த்தவர்கள் மறக்கவில்லை.

ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் உங்கள் வேலையிலிருந்து ஓர் உதாரணம் எழுதுங்கள். தமிழ் விளக்கத்தை விட உதாரணம் மேல். ஒரு பாடத்துக்கு 15 சொல்லுக்கு மேல் வராது. அந்த 15 தெரிந்தால் மீதி ஆங்கிலம் தானாக வழிவிடும்.

9. வெளிநாட்டுப் பாடத்தையும் நம் வழிமுறையையும் குழப்பாதீர்கள்

அமெரிக்கப் பாடத்தில் தடுப்பூசி அட்டவணை வந்தால் அது அந்த ஊருக்கானது. நாம் பிறந்த குழந்தைக்குக் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போடுகிறோம், அங்கே வழக்கமாகப் போடுவதில்லை. நாய்க்கடிக்கு நாம் தோலுக்குள் போடும் ஊசி 0, 3, 7, 28 என்ற நாட்களில். அவர்கள் தசையில் 0, 3, 7, 14 என்று போடுவார்கள். இரண்டும் சரி, இடம் வேறு.

கேள்வித்தாளில் பாடம் சொன்னதை எழுதுங்கள். களத்தில் நம் துறையின் வழிகாட்டுதலைச் செய்யுங்கள். இரண்டும் மாறுபடும் இடத்தை நோட்டில் சிவப்பு மையில் குறித்துக்கொண்டு மருத்துவ அலுவலரிடம் கேளுங்கள். ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் வெளிநாட்டு அட்டவணையைப் ‘புதிய மாற்றம்’ என்று யாரோ போட்டு, அதை அடக்குவதற்குள் ஒரு நாள் போனது.

10. கேள்வித்தாள்

வட்டமான பொத்தான் இருந்தால் ஒரு விடை மட்டும். சதுரமான கட்டம் இருந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட விடை இருக்கலாம். இதை யாரும் சொல்லித் தருவதில்லை; தெரியாமல் ஒவ்வொரு சதுரக் கேள்வியிலும் ஒரே விடையைத் தட்டித் தோற்பவர்கள் நிறையப் பேர்.

‘எது சரியல்ல’ என்ற கேள்விகளை நிதானமாக வாசியுங்கள். எத்தனை முறை எழுதலாம் என்பதைத் தொடங்கும் முன் பாருங்கள். பாடம் தொடங்கும் முன் வரும் முன்தேர்வுக்குப் பெரும்பாலும் மதிப்பெண் கிடையாது, அதில் குறைந்தால் மனம் உடைய வேண்டாம்.

விடைகளை போட்டோ எடுத்துக் குழுவில் போடும் பழக்கம் இருக்கிறது. அது சரியா தவறா என்பதை விடுங்கள், வேலைக்கே ஆகாது. பல தளங்களில் தெரிவுகளின் வரிசை ஆளுக்கு ஆள் மாறும். ‘3-ஆவது கேள்விக்கு பி’ என்று பார்த்து எழுதியவருக்கு பி-யில் வேறு ஏதோ இருந்திருக்கிறது.

தேர்ச்சிக்கு எவ்வளவு என்பது தளத்துக்குத் தளம் மாறும். உலக சுகாதார நிறுவனப் பாடங்கள் பலவற்றில் 80 சதவீதம் கேட்டார்கள். அங்கே இரண்டு வகைச் சான்று இருந்தது: பாடத்தைப் பார்த்ததற்கு ஒன்று, தேர்வில் மதிப்பெண் பெற்றதற்கு ஒன்று. முதலாவதை வாங்கிவிட்டு முடிந்தது என்று வெளியேறிவிடாதீர்கள்.

11. சான்றிதழை அன்றே இறக்குங்கள்

தேர்வு முடிந்ததும் பல இடங்களில் ஒரு கருத்துப் படிவம் வரும். அதை நிரப்பினால்தான் சான்றிதழ் பொத்தான் திறக்கும் இடங்கள் உண்டு. ‘நூற்றுக்கு நூறு வாங்கியும் வரவில்லை’ என்றால் முதலில் அந்தப் படிவத்தைப் பாருங்கள்.

வந்த அன்றே பி.டி.எஃப். ஆக இறக்கி, மின்னஞ்சலில் உங்களுக்கே ஒன்று அனுப்பிக்கொள்ளுங்கள். தளங்கள் இடம் மாறுகின்றன, பெயர் மாறுகின்றன. பழைய கணக்கு அப்படியே இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. ஸ்கிரீன்ஷாட் போதாது. சரிபார்ப்பு எண்ணோ கியூ.ஆர். குறியோ அதில் மங்கிவிடும்.

கோப்புக்கு ஆண்டு, பாடம், உங்கள் பெயர் என்று பெயர் வையுங்கள். ‘டவுன்லோட் 7’ என்று கிடந்தால் பதவி உயர்வுப் பட்டியல் கேட்கும் அன்றைக்கு நிச்சயம் கிடைக்காது.

12. ஒரு வாரத்துக்குள் உங்கள் ஊரில் ஒரு முறை செய்து பாருங்கள்

பெரும்பாலானவர்கள் 11-ஆவது படியோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் படிதான். படித்ததில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்து, 7 நாளைக்குள் உங்கள் சப்சென்டர் எல்லைக்குள் செய்யுங்கள்.

எம்.டி.எம். தன்னார்வலர் ரத்த அழுத்தம் பற்றிப் படித்திருந்தால், அடுத்த பத்து வீட்டில் மட்டும் முழு முறையோடு பாருங்கள்: 5 நிமிடம் உட்கார வைத்து, முதுகு சாய்ந்து, கை இதய மட்டத்தில், பேசாமல். மாடிப்படி ஏறி வந்தவுடன் பார்த்த அளவுக்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நீங்களே எழுதுங்கள்.

சுகாதார ஆய்வாளருக்கு நோய்த்திரள் பாடத்திலிருந்து ஒரு கணக்கு. இது நானாக வைத்துக்கொண்ட உதாரணம். ஒரு ஊர்ப் பொங்கலுக்குப் பிறகு வயிற்றுப்போக்கு. வழக்கமாக நாம் என்ன செய்வோம்? படுத்திருப்பவர்களிடம் ‘என்ன சாப்பிட்டீர்கள்’ என்று கேட்போம். எல்லோரும் சாப்பாடும் சாப்பிட்டிருப்பார்கள், மோரும் குடித்திருப்பார்கள். அதில் ஒன்றும் தெரியாது.

பாடம் சொல்வது, நோய் வராதவர்களிடமும் கேள் என்பது. மோர் குடித்தவர்கள் 40 பேர், அவர்களில் 12 பேருக்கு வயிற்றுப்போக்கு. அது 30 சதவீதம். மோர் குடிக்காதவர்கள் 50 பேர், அவர்களில் 2 பேர். அது 4 சதவீதம். 30-ஐ 4-ஆல் வகுத்தால் ஏழரை. மோர் குடித்தவருக்கு வரும் வாய்ப்பு ஏழரை மடங்கு. இதே கணக்கைச் சாம்பார் சாதத்துக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் போட்டு, எது பெரிதாக நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மோர்தான் என்று வந்தால் அதில் கலந்த தண்ணீர் எங்கிருந்து வந்தது, ஐஸ் எங்கே வாங்கினார்கள் என்று அடுத்த கேள்விக்குப் போகலாம்.

இதற்கு ஒரு வெள்ளைத்தாளும் செல்போன் கால்குலேட்டரும் போதும். நோய்த்திரள் இல்லாத மாதத்தில் உங்கள் எஸ் படிவத்தில் (களப்பணியாளர் நிரப்பும் நோய் அறிகுறிப் பட்டியல்) உள்ள காய்ச்சல் எண்ணிக்கையை வாரவாரியாகக் கட்டம் போட்டு வரைந்து பாருங்கள். மத்திய அரசின் நோய்க் கண்காணிப்புத் தளமான ஐ.எச்.ஐ.பி.யில் ஏற்றிவிட்டு மறந்துபோகும் எண்கள்தான். வரைந்தால் எந்தக் கிராமத்தில் எந்த வாரம் ஏறுகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

அந்தத் தாளையும் சான்றிதழையும் சேர்த்து அடுத்த மாதக் கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள். வட்டார மருத்துவ அலுவலர் சான்றிதழை ஒரு முறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். தாளைப் பார்த்தால் உட்காரச் சொல்வார். அதில் அவர் கேட்கும் கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லையென்றால், இரண்டாவது பாடத்தின் தலைப்பு அதுதான்.